பந்தும் பகையும்

விளையாட்டு என்ற சொல்லைத் தமிழர் இருவேறு விதமாக ஆண்டு வந்துள்ளனர். பொறுப்பில்லாமல் திரியும் பிள்ளையைப் பார்த்து, "உனக்கு எல்லாம் விளையாட்டுத்தான்" என்று தாய் கடிந்துகொள்கிறாள். அதே தாய் மாலையில் ஆலயத்திற்குச் சென்று திருவிளையாடற் புராணப் படிப்பைப் பக்தியோடு கேட்கிறாள். ஒன்றுக்கும் உதவாத செயல் என்பது ஒரு பொருள். எந்தப் பயனையும் நாடாமல் முழுமையாகச் செய்யப்படும் செயல் என்பது மற்றப் பொருள். இறைவனின் ஐந்தொழிலையும் விளையாட்டாகக் கண்ட சைவ மரபு இரண்டாவது பொருளையே கொண்டது. தொல்காப்பியரும் உவகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கினுள் ஒன்றாக விளையாட்டை வைத்தாரேயன்றி, அதற்கு வேறு வேலை எதனையும் கொடுக்கவில்லை.

இக்காலத்தில் விளையாட்டுக்குப் பல வேலைகள் கொடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பாரமானது சமாதானத்தை உண்டாக்கும் வேலை. ஐக்கிய நாடுகள் சபை 2005 ஆம் ஆண்டை விளையாட்டுக்கும் உடற்கல்விக்குமான சர்வதேச ஆண்டாக அறிவித்தது. பின்னர் 2013 இல், ஏப்ரல் 6 ஆம் திகதியை அபிவிருத்திக்கும் சமாதானத்துக்குமான விளையாட்டுத் தினமாகப் பிரகடனம் செய்தது. 2009 இல் போர் முடிந்த பின்பு வடபகுதியில் நடைபெற்ற பரிசளிப்பு விழாக்களில், விளையாட்டு இளைஞரிடையே சமாதானத்தை வளர்க்கும் என்ற வசனம் ஒலிக்காத மேடை அரிது. பிரதம விருந்தினர் அதனைச் சொல்வார், சபையோர் கைதட்டுவர், கிண்ணம் வழங்கப்படும். ஆனால் அவ்வசனம் உண்மைதானா என்று நின்று யோசிப்போர் குறைவு. ஒரு பந்தை உதைப்பதற்கும் பகை தணிவதற்கும் இடையே என்ன தொடர்பு? அத்தொடர்பு தானாகவே நேர்வதா, யாராவது உண்டாக்க வேண்டியதா? இக்கேள்வியைக் குருநகரை முன்வைத்து ஆராய்வது பொருத்தமானது.

யாழ்ப்பாண நகரின் தென்கரையில் கடனீரேரியைப் பார்த்து அமைந்த ஊர் குருநகர். முன்னாளில் கரையூர் என வழங்கியது. கடற்றொழிலாளர் வாழும் ஊர். புனித யாகப்பர் ஆலயத்தை நடுவாகக் கொண்டு, கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் ஊர். போர்க்காலத்தில் இவ்வூர் பட்ட துயரங்கள் சில பத்திரிகைத் தலைப்புகளாக வந்தன, பல வரவில்லை. 1986 யூன் 10 ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குச் சென்றிருந்த இவ்வூர்க் கடற்றொழிலாளர் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1993 நவம்பரில் யாகப்பர் ஆலயம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்கானது. 1995 ஒக்ரோபர் இறுதியில் குடாநாட்டின் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது குருநகரும் பெயர்ந்தது. கடலுக்குச் செல்லத் தடை, சென்றாலும் நேரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு என்று ஆண்டுகள் கழிந்தன. கடலை நம்பிய ஊரில் கடல் மூடப்பட்டால் இளைஞருக்கு எஞ்சுவது கரையும் மணலுந்தான்.

அந்த மணலில் பந்து உருண்டது. யாழ்ப்பாணத்தின் உள்ளூர்க் கல்லூரிகளில் கிரிக்கெட் பெருமைக்குரிய ஆட்டமாக இருந்த காலத்திலும், கரையோர ஊர்களின் ஆட்டம் உதைபந்தாட்டமே. மட்டை, காற்காப்பு, விரிப்பு என்று செலவுகள் இல்லை. ஒரு பந்து போதும். இருபத்திரண்டு பேர் ஆடலாம், இருநூறு பேர் பார்க்கலாம். குருநகர் பாடும்மீன் விளையாட்டுக் கழகம், நாவாந்துறை சென். மேரிஸ், நாவாந்துறை சென். நீக்கிலஸ், இளவாலை யங்ஹென்றீசியன்ஸ், மயிலங்காடு ஞானமுருகன், ஊரெழு றோயல் முதலிய பெயர்கள் குடாநாட்டு உதைபந்தாட்ட ரசிகர்களுக்கு வீட்டுப் பெயர்கள் போன்றவை. சைவ ஆலய மலரொன்றில் கத்தோலிக்கக் கரையூரின் பந்தைப் பற்றி என்ன பேச்சு என்று யாராவது நினைப்பாராயின், மைதானத்தில் ஞானமுருகனும் சென். மேரிஸும் சந்தித்துப் பல காலமாயிற்று என்பதை அவருக்கு நினைவூட்டலாம்.

இப்பெயர்களில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. கழகம் என்பது ஊரின் கழகம். ஊர் என்பது பெரும்பாலும் ஒரு கோவிலின், ஒரு தேவாலயத்தின், ஒரு தொழிலின் ஊர். வெளிப்படையாகச் சொன்னால், யாழ்ப்பாணத்தில் குடியிருப்புகள் சாதி வழியே அமைந்தன. கழகங்கள் குடியிருப்பு வழியே அமைந்தன. ஆகவே இரண்டு கழகங்கள் மோதும்போது மைதானத்தில் நிற்பவர்கள் பதினொருவரும் பதினொருவருந்தான் எனினும், கோட்டுக்கு வெளியே நிற்பவை இரண்டு ஊர்களின் பழைய கணக்குகள். மத்தியஸ்தரின் ஒரு விசிலில் அக்கணக்கு மேலெழுந்து, கற்கள் பறந்த மாலைகளும் குடாநாட்டில் உண்டு. ஆட்டங்களுக்கு இடப்பட்ட பெயர்களும் சிந்திக்கத்தக்கவை. சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் மத்திய கல்லூரிக்கும் இடையிலான கிரிக்கெட் ஆட்டம் "வடக்கின் பெருஞ்சமர்". சென். பற்றிக்ஸ் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் ஆடுவது "பொன் அணிகளின் போர்". உண்மையான போர் வீட்டு வாசலில் நின்ற ஆண்டுகளிலும் பத்திரிகைகள் இப்பெயர்களையே அச்சிட்டன. யாரும் அதைத் தவறாகக் கொள்ளவில்லை. சித்திரைப் புத்தாண்டில் போர்த்தேங்காய் அடித்த சமூகத்திற்கு, தேங்காய் மட்டுமே உடைகின்ற போரும் உண்டு என்பது தெரிந்திருந்தது.

ஆனால் தேங்காய் மட்டுமே உடையும் என்பதற்கு உத்தரவாதம் என்ன? விளையாட்டிலிருந்து பெரும்பகை பிறந்த கதையைத்தான் இந்த மண்ணின் ஆலயங்களில் காலங்காலமாகப் படித்தும் கேட்டும் வருகிறார்கள். பாரதப் போருக்குச் சூதாட்டமே காரணம் என்பது எல்லோரும் அறிந்தது. சூதாட்டத்திற்கு முன்னரே இரண்டு விளையாட்டு நிகழ்ச்சிகள் அக்கதையில் வருகின்றன. அவை அதிகம் பேசப்படுவதில்லை.

முதலாவது, அத்தினாபுரத்துச் சிறுவர்களின் விளையாட்டு. வீமன் உடல்வலி மிக்கவன். துரியோதனனின் தம்பியரைத் தலைமயிரில் பிடித்து இழுப்பான். நீராடும்போது பலரை ஒருங்கே அணைத்து நீரில் அமிழ்த்துவான். அவர்கள் பழம் பறிக்க மரத்தில் ஏறினால் மரத்தை உலுக்கி விழுத்துவான். அவன் இதனைப் பகையால் செய்யவில்லை, சிறுபிள்ளைத்தனத்தால் செய்தான் என்றே வியாசர் கூறுகிறார். வீமனுக்கு அது விளையாட்டு. நீரில் மூச்சுத் திணறியவர்களுக்கு அது விளையாட்டன்று. அதன் பின்னரே துரியோதனன் வீமனின் உணவில் நஞ்சு கலக்கத் துணிகிறான். துரியோதனன் செய்தது கொடிய பாவம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வியாசர் அந்தப் பாவத்தின் வித்தை எங்கே வைத்தார் என்பது நோக்கத்தக்கது. ஒருவன் மட்டும் விளையாடும் விளையாட்டு என்று ஒன்று இல்லை. மற்றவனும் "இது விளையாட்டு" என்று ஒப்புக்கொண்டால்தான் அது விளையாட்டு. ஒப்புதல் இல்லாதபோது, சிரித்துக்கொண்டு செய்தாலும் அது துன்புறுத்தல். பல்கலைக்கழகங்களில் "பகிடிவதை" என்று இதற்கே பெயர் வந்தது. பகிடி ஒருவருக்கு, வதை மற்றவருக்கு.

இரண்டாவது, துரோணரின் மாணாக்கர் தம் வித்தையைக் காட்டிய அரங்கம். அருச்சுனன் வில்வித்தை காட்டி முடிந்ததும் கன்னன் உள்ளே வருகிறான். அவன் செய்த யாவற்றையும் தானும் செய்து காட்டி, அவனோடு பொர வேண்டும் என்கிறான். அப்போது கிருபர் எழுந்து, உன் தாய் தந்தையர் யார், எந்தக் குலம் என்று கேட்கிறார். கன்னன் தலை குனிகிறான். துரியோதனன் அவனை அங்க நாட்டுக்கு அரசனாக்குகிறான். சற்று நேரத்தில் தேரோட்டியான வளர்ப்புத் தந்தை வியர்வையோடு அரங்கில் நுழைய, வீமன் எள்ளி நகையாடுகிறான். சூரியன் மறைகிறது, போட்டி நடக்கவில்லை. நடக்காத அந்தப் போட்டி பின்னர் குருக்ஷேத்திரத்தில் நடந்து முடிகிறது.

ஆடுகளத்தில் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டென்றால் அது கிருபர் கேட்ட கேள்விதான். உதைபந்தாட்டத்தின் மிகப் பெரிய அறம், பந்துக்கு அந்தக் கேள்வி தெரியாது என்பதே. காலிலிருந்து காலுக்குப் போகும் பந்து எவர் தொட்டது என்று தீட்டுப் பார்ப்பதில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் ஆலயப் பிரவேசத்திற்காகப் போராட வேண்டியிருந்த ஒரு சமூகத்தில் இது சிறிய விடயம் அன்று. ஆனால் பந்து கேட்காத கேள்வியை அணித் தெரிவு கேட்டுவிடலாம். எவரை அணியில் சேர்ப்பது, எந்தக் கழகத்தைச் சுற்றுப்போட்டிக்கு அழைப்பது, எந்த ஊருக்குச் சென்று ஆடினால் அங்கே தண்ணீர் குடிப்பது என்பவையெல்லாம் கோட்டுக்கு வெளியே தீர்மானிக்கப்படுபவை. தீர்மானிப்போர் இளைஞர் அல்லர், பெரியோர்.

இதனை ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. 1954 இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் முசாபர் ஷெரிப் என்ற சமூக உளவியலாளர், ஒருவரையொருவர் அறியாத 22 சிறுவர்களை ஒரு கோடைகால முகாமுக்கு அழைத்துச் சென்றார். அவர்களிடையே இனபேதமோ மதபேதமோ இல்லை. இரண்டு குழுவாகப் பிரித்துத் தனித்தனியே தங்கவைத்தார். பின்பு அவர்களைத் தளக்கட்டுப் பந்திலும் கயிறிழுத்தலிலும் மோதவிட்டு, வென்றவருக்குப் பரிசு என்றார். சில நாட்களிலேயே ஒருவர் கொடியை மற்றவர் எரித்தனர். இரவில் ஒருவர் குடிலுள் மற்றவர் புகுந்து சூறையாடினர். பழைய பகை எதுவும் இல்லாத இடத்தில் போட்டி மட்டுமே பகையை உண்டாக்கிற்று. இரண்டு குழுவையும் ஒன்றாக உண்ணவைத்தும் படம் பார்க்கவைத்தும் பலன் இல்லை. சாப்பாட்டை எறிந்து சண்டையிட்டனர். பின்னர் முகாமின் தண்ணீர் தடைப்பட்டது. உணவு கொண்டுவர வேண்டிய லொறி கிளம்பாமல் நின்றது. ஒரு குழுவால் அதனை அசைக்க இயலாது. கயிறிழுத்தலுக்குப் பயன்பட்ட அதே கயிற்றைக் கட்டி இரு குழுவும் சேர்ந்து லொறியை இழுத்தபோதுதான் பகை தளரத் தொடங்கியது.

கயிறு ஒன்றுதான். இருபுறமும் நின்று இழுத்தபோது பகையை வளர்த்தது; ஒருபுறம் நின்று இழுத்தபோது உறவை வளர்த்தது. கரைவலை இழுத்த மக்களுக்கு இந்த ஆய்வு வேண்டியதில்லை. ஈரக் கயிற்றில் கைவைத்த பின் பக்கத்தில் நிற்பவன் எந்த வீட்டுக்காரன் என்று யாரும் பார்ப்பதில்லை. ஆகவே விளையாட்டு இயல்பாகவே சமாதானத்தை வளர்க்கும் என்ற மேடைப் பேச்சு அரைவாசிதான் உண்மை. 1969 யூலையில் எல் சல்வடோரும் ஹொண்டுராஸும் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டங்களை அடுத்து நான்கு நாட்கள் போரிட்டன. காணியும் குடியேற்றமுமே உண்மையான காரணம் என்பது பிறகு விளங்கியது; ஆயினும் மைதானத்துக் கூச்சல் அந்த நெருப்புக்கு விசிறியாகவே அமைந்தது. 1994 இல் உலகக் கிண்ண ஆட்டத்தில் தவறுதலாகத் தன் பக்கத்துக் கோலுக்குள் பந்தைச் செலுத்திய கொலம்பிய வீரர் அந்திரெஸ் எஸ்கோபார், பத்து நாட்களில் சொந்த நகரமான மெடலினில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அப்படியாயின் மற்ற அரைவாசி உண்மை எது? அது எதிரணி என்ற கருத்தில் உள்ளது. போரில் எதிரி இல்லாமற் போனால் வெற்றி. விளையாட்டில் எதிரணி வராமற் போனால் ஆட்டமே இல்லை. எதிரணி வரவில்லை என்று வெற்றி அறிவிக்கப்பட்ட நாளில், காலணி கட்டிக்கொண்டு காத்திருந்த பையன்களின் முகத்தைப் பார்த்தால் இது விளங்கும். புள்ளி கிடைத்துவிட்டது, ஆனால் ஏதோ பறிபோனது போல் நிற்பார்கள். நல்ல எதிரணி வேண்டும், பலமான எதிரணி வேண்டும் என்று ஆசைப்படும் ஒரே இடம் ஆடுகளம். குருநகர்ப் பையனின் திறமை வெளிப்பட நாவாந்துறைப் பையன் வேண்டும். இவனை அவன் உயர்த்துகிறான். அவனை இவன் உயர்த்துகிறான். உன்னைத் தோற்கடிக்க முயலும் ஒருவன் உனக்குத் தேவையானவனாக இருக்க முடியும் என்பதை, பதினைந்து வயதில் உடம்பால் அறிந்துகொள்வது பெரிய கல்வி. அரசியல் மேடைகளில் முதியோர் பலர் அதனை இன்னும் கற்கவில்லை.

இரண்டாவது கல்வி தோற்கப் பழகுவது. சுவாமி விவேகானந்தர் 1897 சனவரியில் யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியில் உரையாற்றினார். அடுத்து வந்த வாரங்களில் சென்னையில் நிகழ்த்திய சொற்பொழிவொன்றில், கீதையைப் படிப்பதைவிட உதைபந்தாட்டத்தால் இளைஞர் சொர்க்கத்தை அணுகுவர் என்ற கருத்தைச் சொன்னார். பாடசாலை விளையாட்டு விழாக்களில் இது அளவுக்கு மீறி எடுத்தாளப்படுகிறது. கீதை வேண்டாம் என்று சுவாமிகளே சொல்லிவிட்டார் என்பதுபோல் சிலர் பேசுவதும் உண்டு. அவர் கூறியது உடல் வலிமையைப் பற்றி. தசையில் சற்று வலுவிருந்தால் கீதையை இன்னும் நன்றாக விளங்கிக்கொள்வீர்கள் என்பதே அவர் கருத்து.

கீதை வெற்றியையும் தோல்வியையும் ஒப்பக் கருதச் சொல்கிறது. இதனைப் புத்தகத்தில் படிப்பவர் தலையசைத்துவிட்டுப் போகலாம். மைதானத்தில் நிற்பவருக்கு அது கடினமான பாடம். ஏனெனில் வெற்றியில் விருப்பமே இல்லாதவன் ஆட்டக்காரன் அல்லன். அப்படிப்பட்டவனோடு ஆடுவது எதிரணிக்கும் அவமதிப்பு. தொண்ணூறு நிமிடம் வெற்றியை உயிரைப் போல் நாட வேண்டும். தொண்ணூற்றோராவது நிமிடம் அதனை விட்டுவிட வேண்டும். சமநிலைத் தவிர்ப்பு உதையில் பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் பையனை, வென்ற அணியின் பந்துக்காப்பாளர் வந்து கைகொடுத்துத் தூக்கிவிடும் காட்சியைக் குடாநாட்டு ரசிகர் பலமுறை கண்டிருப்பர். பற்றும் பற்று விடுதலும் ஒரே மாலையில் நடக்கின்றன. துறவிகள் ஆண்டுக்கணக்கில் பழகுவதன் ஒரு சிறு துளியை அந்தப் பையன்கள் தம்மை அறியாமலே பழகுகிறார்கள்.

தோற்கப் பழகாத இளைஞன் எவ்வளவு ஆபத்தானவன் என்பதைப் போருக்குப் பிந்திய யாழ்ப்பாணம் கண்டது. வாள்வெட்டுக் குழுக்கள் தோன்றின, போதைப்பொருள் பரவியது. ஒரு சொல் பொறுக்காமல், ஒரு பார்வை பொறுக்காமல் மோட்டார் சைக்கிளில் வந்து வெட்டிவிட்டுப் போன சம்பவங்கள் நீதிமன்றங்களை நிறைத்தன. அக்குழுக்களிலும் அணி உண்டு, தலைவன் உண்டு, பெயர் உண்டு. இல்லாதவை மூன்று: எல்லைக்கோடு, மத்தியஸ்தர், ஆட்டம் முடிந்துவிட்டது என்று அறிவிக்கும் விசில். பழிக்குப் பழி என்பது விசில் ஊதப்படாத ஆட்டம்.

இவ்விடத்தில் சங்கடமான கேள்வி ஒன்றையும் தவிர்க்க இயலாது. இளைஞரை மைதானத்துக்கு அனுப்புவோர் விரும்பும் சமாதானம் எத்தகையது? கேள்வி கேட்காமல், கூட்டம் கூடாமல், களைத்துப்போய் வீட்டுக்குச் சென்று உறங்கும் இளைஞன்தான் சமாதானமான இளைஞனா? போர் முடிந்த பின்பு வடக்கில் படைத்தரப்பும் இளைஞருக்கான போட்டிகளை நடத்தியது, கிண்ணங்களை வழங்கியது. கிண்ணத்தை வாங்கிக்கொண்ட வீட்டிலேயே காணாமல் போன ஒருவரின் படம் சுவரில் தொங்கியது. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அமர்ந்தபோது, அவர்கள் கேட்டதற்கு எந்தச் சுற்றுப்போட்டியும் பதிலாக அமையாது.

யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கே இதற்குச் சான்று. 1975 யூலை 27 ஆம் திகதி பொன்னாலை வரதராசப் பெருமாள் கோவிலுக்கு வழிபடச் சென்றவிடத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட நகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவின் பெயரை அது தாங்கி நிற்கிறது. 1999 இல் அவ்வரங்கின் புனரமைப்புக்காக நிலம் தோண்டப்பட்டபோது மனித எலும்புகள் வெளிவந்தன. 2016 யூனில் இந்திய உதவியுடன் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. குடாநாட்டின் பெரிய இறுதியாட்டங்கள் பல அங்கே நடந்துள்ளன. அங்கே ஆடுவது தவறு என்பதன்று இதன் பொருள். இறந்தோரின் மேல் ஆடக்கூடாது என்றால் இந்த மண்ணில் ஆட இடம் இராது. ஆனால் புல்லை வளர்த்துவிட்டால் கீழே இருப்பது மறைந்துவிடும் என்று எண்ணுவது சமாதானம் ஆகாது. அந்த எலும்புகள் யாருடையவை என்று கேட்கவும், அன்று மாலையே அதே நிலத்தில் ஆடவும் இளைஞருக்கு உரிமை இருக்க வேண்டும்.

ஐவரி கோஸ்ட் நாட்டின் கதை இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 2002 முதல் அந்நாடு வடக்கு, தெற்கு எனப் பிளவுபட்டுப் போரிட்டது. 2005 ஒக்ரோபரில் அதன் உதைபந்தாட்ட அணி முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றபோது, டிடியே ட்ரொக்பாவும் சக வீரரும் ஆடை மாற்றும் அறையில் தொலைக்காட்சிக் கமராவின் முன் முழந்தாளிட்டு ஆயுதங்களைக் கீழே வைக்குமாறு வேண்டினர். 2007 யூனில், கிளர்ச்சியாளரின் நகரான புவாக்கேயில் தேசிய அணி மடகஸ்காருடன் ஆடியது. உலகமே அதனை வியந்து எழுதியது. 2010 இறுதியில் தேர்தல் தகராறில் போர் மீண்டும் மூண்டது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். முழந்தாளிட்டவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் குடியுரிமை, காணி, வாக்கு என்பவை பற்றிய தகராறுகளைப் பதினொரு பேரின் மன்றாட்டம் தீர்த்துவிடாது.

ஆகவே எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொண்டு, எது பலன் தந்தது என்று பார்ப்பதே விவேகம். ஈராக்கில் நடந்த ஒரு முயற்சி இவ்வகையில் முக்கியமானது. ஐ.எஸ். இயக்கத்தால் விரட்டப்பட்டு இடம்பெயர்ந்த கிறிஸ்தவ இளைஞரின் உதைபந்தாட்ட அணிகளைக் கொண்டு சல்மா மூசா என்ற ஆய்வாளர் ஒரு சுற்றுப்போட்டியை ஒழுங்குசெய்தார். சீட்டுக் குலுக்கியதுபோல், சில அணிகளில் மேலதிகமாகக் கிறிஸ்தவ வீரர்களையும் சில அணிகளில் முஸ்லிம் வீரர்களையும் சேர்த்தார். 2020 இல் வெளியான முடிவு இது: முஸ்லிம் வீரரோடு ஓரணியில் ஆடிய கிறிஸ்தவர், ஆறு மாதம் கழிந்தும் முஸ்லிம்களோடு பயிற்சி செய்யக் கூடுதலாக முன்வந்தனர், சிறந்த பண்பாளர் விருதுக்கு எதிரணி முஸ்லிம் வீரருக்கு வாக்களித்தனர். ஆனால் மைதானத்துக்கு வெளியே, அறிமுகமில்லாத முஸ்லிம்களிடையே செல்வதில் அதே அளவு மாற்றம் காணப்படவில்லை. தெரிந்தவனை நம்பினார்கள்; தெரியாதவனை நம்பத் தயங்கினார்கள். இம்முடிவில் மிகை இல்லை என்பதாலேயே அது நம்பத்தக்கது. ஓரணியில் ஆடியதே உறவைத் தந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. 1990 ஒக்ரோபரில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு, நீண்ட காலத்தின் பின் ஒரு பகுதியினர் திரும்பிய யாழ்ப்பாணத்தில், சோனகதெருவும் நாவாந்துறையும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில், இது தூரதேசத்துச் செய்தி அன்று.

மற்ற முயற்சி எஸ்கோபார் கொல்லப்பட்ட அதே மெடலினில் பிறந்தது. அங்கு தங்கியிருந்த யூர்கன் கிறீஸ்பெக் என்ற ஜேர்மானியர், குழுச்சண்டை மிகுந்த பகுதிகளின் இளைஞரைக் கொண்டு "சமாதானத்துக்கான உதைபந்தாட்டம்" என்ற ஒன்றைத் தொடக்கினார். ஆண்களும் பெண்களும் கலந்த அணி. முதற் கோலைப் பெண்ணொருத்தி போட வேண்டும். மத்தியஸ்தர் கிடையாது. ஆட்டத்துக்கு முன் இரு அணியும் வட்டமாக அமர்ந்து விதிகளைத் தாமே பேசி முடிவு செய்யும். ஆட்டம் முடிந்த பின் மீண்டும் அமர்ந்து, விதி காக்கப்பட்டதா என்று பேசிப் பண்புக்கும் புள்ளி வழங்கும். முதலில் இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். கிளித்தட்டு ஆடியவர்கள் சிரிக்க வேண்டியதில்லை. தொட்டானா, தொடவில்லையா என்று கிளித்தட்டில் எழும் தகராறை எந்த மத்தியஸ்தர் தீர்த்தார்? பிள்ளைகள் தாங்களே வாதாடி, கோபித்து, "பட்டது" என்று ஒருவன் ஒப்புக்கொண்டு வெளியேறியதால் தீர்ந்தது. ஒழுங்கான விதிநூலும் சிவப்பு அட்டையும் வந்தபின் ஆட்டம் செம்மைப்பட்டது. ஆனால் தவறைத் தானே ஒப்புக்கொள்ளும் பழக்கம் மத்தியஸ்தர் காணாவிட்டால் தவறே இல்லை என்ற பழக்கமாக மாறியது.

பெண்பிள்ளைகளைப் பற்றிய விதியும் எண்ணத்தக்கது. இளைஞர் என்ற சொல் பெரும்பாலான கூட்டங்களில் ஆண்பிள்ளைகளையே குறிக்கிறது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மாணவிகள் உதைபந்தாட்டத்தில் நாடறிந்த அணியாக வளர்ந்ததைக் கண்ட பின்பும், ஊர்க் கழகங்களில் அவர்களுக்கு மைதானம் கிடைக்கும் நேரம் குறைவு.

ஆலயங்கள் செய்யக்கூடியது இதில் நிறைய உண்டு. திருவிழாவை முன்னிட்டு அணிக்கு ஏழு பேர், ஒன்பது பேர் கொண்ட சுற்றுப்போட்டிகளைக் குடாநாட்டில் கோவில்களும் தேவாலயங்களும் சனசமூக நிலையங்களும் நடத்திவருவது வழமை. ஒரே ஒரு நாளைக்கு, கழக வாரியாக அன்றிச் சீட்டுக் குலுக்கி அணி பிரித்தால் என்ன? குருநகர்ப் பையனும் நாவாந்துறைப் பையனும் சோனகதெருப் பையனும் ஊரெழுப் பையனும் ஓரணியில் ஆடட்டும். கழகப் போட்டிகளை நிறுத்த வேண்டியதில்லை. ஊர்ப்பற்று இல்லாத ஆட்டம் உப்பில்லாத கஞ்சி. ஆண்டில் ஒரு நாள் மட்டும் கயிற்றின் ஒரே பக்கத்தில் நிற்கட்டும். ஆட்டம் முடிந்ததும் அன்னதான மண்டபத்தில் அணி அணியாக ஒரே பந்தியில் அமரட்டும். ஈராக்கில் எட்டாத இடம் அதுதான். மைதானத்தைத் தாண்டி ஒரு வீட்டு வாசலைத் தொடும் இடம்.

பார்வையாளரை என்ன செய்வது என்பது இன்னும் கடினம். பையன்கள் கைகொடுத்துப் பிரிந்த பின்பும் கோட்டுக்கு வெளியே சண்டையிடுவோர் பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். சீட்டுக் குலுக்கிய அணியில் ஒரு வசதி, எந்த அணிக்குக் கத்துவது என்று அவர்களுக்குத் தெரியாது.

கிண்ணத்தை எங்கே வைப்பது என்று நிர்வாகசபையில் எவராவது கட்டாயம் கேட்பார். நான்கு ஊரார் ஆடி வென்ற கிண்ணம் நான்கு வாசிகசாலைகளிலும் மும்மூன்று மாதம் இருக்கலாம். ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை அந்த அணியின் பையன்களிடமே விட்டுவிடலாம். சைக்கிளில் அரைமணி நேரப் பயணந்தான்.